கந்தளாய்க் குளத்தில் கயாக் தூண்டில்: எது பிழைத்தது, எங்கே தேடுவது

திருகோணமலைக்காரனுக்குத் தூண்டில் என்றால் கடல்தான். வெற்றுப் போத்தலில் தங்கூசியைச் சுற்றிக்கொண்டு கடற்கரைக் கல்லில் உட்கார்ந்து பழகிய கை இது. அந்தக் கையோடு கயாக்கை வாகனக் கூரையில் கட்டிக்கொண்டு ஏ6 வீதியில் ஏறக்குறைய 40 கிலோமீற்றர் போய்க் கந்தளாய்க் குளத்தில் இறங்கிய முதல் மூன்று தடவையும் ஈர உடுப்போடு மட்டும் திரும்பினேன். நாலாம் தடவை, கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு நானா என் பெட்டியை எட்டிப் பார்த்தார். "தம்பி, இது பாரைக்குக் கட்டின சாமான். இங்கே பாரை இல்லையே" என்றார்.

அன்றிலிருந்து குறித்துவைத்த கோளாறுகள்தாம் கீழே வருபவை. குளத்தில் நமக்கு வருகிற சிக்கலில் பெரும்பங்கு கடலில் படித்த பழக்கத்தால் வருவது. ஆனால் நாமோ எது பிழைத்தாலும் முதலில் இரையை மாற்றுகிறோம். வரிசை தலைகீழ். முதலில் படகைப் பாருங்கள், பிறகு காற்று, பிறகு தங்கூசி, கடைசியில் இரை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே வீட்டுக்கு வருவீர்கள்.

வீடியோவில் பார்த்தபடியே செய்தேன், ஒரு கடி கூட இல்லை

வெளிநாட்டுக் கயாக் வீடியோக்களில் பாதி, ஏரியில் வளர்த்து விடப்பட்ட டிரவுட் மீனுக்கானவை. ஸ்பின்னர் என்ற பளபளக்கும் போலி இரையைப் பின்னால் இழுத்தபடி மெதுவாகத் துடுப்புப் போடுவார்கள். மீன் துரத்தி வந்து கவ்வும். டிரவுட் குளிர் நீர் மீன். 20 பாகை செல்சியசைத் தாண்டினாலே அது தளரத் தொடங்கும். பிரித்தானியர் காலத்தில் நுவரெலியா மலை ஓடைகளில் அதைக் கொண்டுவந்து விட்டார்கள். நம் நாட்டில் அதற்கு வேறு இடம் கிடையாது. நம் குளத்து நீர் நண்பகலில் 30 பாகைக்கு நிற்கும்.

இங்கே விடப்படுவது வேறு கூட்டம். 1952இல் நாட்டுக்குள் வந்த திலாப்பியா ஒன்று. பெரும்பாலோர் வாயில் இன்றைக்கும் அது ஜப்பான் மீன்தான், ஆனால் அதன் ஊர் ஆபிரிக்கா. அடுத்தவை இந்தியாவிலிருந்து வந்த கட்லா, ரோகு, மிருகால். இவற்றில் எதுவும் ஸ்பின்னரைத் துரத்துகிற சாதி அல்ல. திலாப்பியா பாசியையும் அடி மண்டியையும் மேய்வது. கட்லா மேல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்துத் தின்பது. ரோகு நடு நீரிலும் மிருகால் அடியிலும் மேயும். போலி இரையை எறிந்துதான் தீருவேன் என்றால் விராலைத் தேடுங்கள். தாமரை இலைகளுக்கு நடுவே தவளை வடிவ இரையை இழுத்தால் அது பாயும். மற்றவற்றுக்கு மண்புழு, பாண், கோதுமை மா உருண்டை.

திலாப்பியா தானாகவே பெருகும். ரோகுவும் கட்லாவும் ஓடும் நீர் இல்லாமல் முட்டையிடமாட்டா. ஆகவே குளத்தில் நீங்கள் பிடிக்கும் ஒவ்வொரு ரோகுவும் யாரோ குஞ்சாகக் கொண்டுவந்து விட்டதுதான். 1990இல் அரசு உள்நாட்டு மீன்வளர்ப்புக்கான ஆதரவை நிறுத்தி, 1994இல்தான் மீண்டும் தொடங்கியது. அப்படிப்பட்ட இடைவெளியில் ரோகுவுக்கும் கட்லாவுக்கும் எந்த இரையும் பலிக்காது. ஆகவே இறங்குவதற்கு முன் கரையில் இருக்கும் மீனவர் சங்கத்தாரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: கடைசியாகக் குஞ்சு எப்போது விட்டார்கள், நான் எங்கே இறங்கலாம். முதல் கேள்வி மீனுக்கு. இரண்டாவது மரியாதைக்கு. அவர்கள் வலை கிடக்கும் இடத்தில் நம் நங்கூரம் விழுந்தால் கெடுவது அவர்கள் பிழைப்பு.

கயாக் நேராகப் போகாமல் ஒரு பக்கமாகவே திரும்புகிறது

இதற்குத் துடுப்பையோ கையின் பலத்தையோ குற்றம் சொல்லாதீர்கள். காற்று எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். புல்லை நுள்ளிப் போட்டுப் பார்த்தாலே போதும்.

அணியம், அதாவது கயாக்கின் முன்மூக்கு, காற்றை நோக்கித் திரும்பினால் காரணம் இது: கயாக் முன்னே நகரும்போது அணியத்தை இரண்டு பக்கமும் நீர் இறுக்கிப் பிடிக்கிறது, பின்புறம் தளர்வாக இருக்கிறது. பக்கக் காற்று அந்தத் தளர்ந்த பின்புறத்தை ஒதுக்கித் தள்ள, மூக்கு காற்றுப் பக்கம் வளைகிறது. பின்புறத்தைக் கொஞ்சம் கனமாக்குங்கள். தண்ணீர்ப் போத்தலையும் நங்கூரத்தையும் இருக்கைக்குப் பின்னால் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

அணியம் காற்றோடு அடித்துக்கொண்டு போனால் கோளாறு நேர் எதிரானது. பின்னால் ஐஸ் பெட்டி, பெட்டி நிறைய ஐஸ், அதன் மேல் சாப்பாட்டுப் பொதி. மூக்கு நீரிலிருந்து எழும்பி நிற்கிறது. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு வருவது இதுதான். நிலாவெளி, உப்புவெளிக் கரைகளில் வாடகைக்குக் கிடைக்கும் கயாக்குகள் மேலே உட்காரும் வகை. ஆள் உட்கார்ந்து விளையாடச் செய்தவை, வீடு மாற்றச் செய்தவை அல்ல. காற்றில்லாத நேரம் கரையோரம் முழுச் சாமானோடும் உட்கார்ந்துகொண்டு, நண்பர் ஒருவரைப் பக்கவாட்டில் நின்று ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் நீர்மட்டக் கோடு படத்தில் பொய் சொல்லாது. என் படத்தில் அணியம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இடமும் வலமும் மாறி மாறி ஆடினால் அது காற்று அல்ல. துடுப்பை உடலுக்கு அருகே, நேராகப் பின்னோக்கி இழுக்கவேண்டும். தோணியில் சவள் போடுகிறவர்கள் அகல வளைத்துப் போடுவார்கள். அந்த வளைவு கயாக்கைத் திருப்பும்.

கச்சான் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மேயிலிருந்து செப்டெம்பர் வரை அது தென்மேற்கிலிருந்து உலர்ந்து வீசும். காலை ஆறு மணிக்குக் கண்ணாடி போல் கிடக்கும் குளம், வெயில் ஏறியபின் வெள்ளை நுரை கட்டும். கடலில் கச்சான் நம்மை வெளியே தள்ளும் என்று பயந்து கரையை ஒட்டிப் போவோம். குளத்தில் கரை எல்லாப் பக்கமும் இருக்கிறது என்ற தைரியத்தில் காற்றோடு ஜோராகப் போய்விடுகிறோம். திரும்பும்போதுதான் கணக்குத் தெரியும். காலையில் காற்று வரும் திசையை நோக்கிப் போங்கள். களைத்தபின் அது உங்களைக் கொண்டுவந்து விடட்டும். அப்போது துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் கச்சான் கொறித்தபடி வரலாம். நம் தமிழில் காற்றுக்கும் கடலைக்கும் ஒரே பெயர் வைத்தவர் இந்த நேரத்தைத்தான் நினைத்திருக்கவேண்டும்.

கயாக்கின் உடலுக்குள் களக் களக் என்று தண்ணீர் ஆடுகிறது

ஒரு தேநீர்க் கோப்பை அளவு என்றால் விடுங்கள். சூடான உள்காற்று குளிர்ந்து படிந்த ஈரம் அது. ஒரு லீற்றருக்கு மேல் என்றால் தேடவேண்டும். அதைக் கரைக்கு வந்துதான் தேடவேண்டும். உள்ளே ஆடும் நீர் நீங்கள் சாயும் பக்கமே ஓடி, சாய்வை இன்னும் பெரிதாக்கும்.

முதலில் பின்பக்க வடிகால் அடைப்பான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் இரண்டு முறை அதைப் போடாமலே இறங்கியிருக்கிறேன். அடைப்பான் இருந்தால் அதன் இறப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது மூடிகள். மூன்றாவது, இருக்கையைச் சுற்றியுள்ள வடிதுளைகளின் உட்சுவர். இங்கேதான் பெரும்பாலான வெடிப்புகள். தள்ளுவண்டியின் கம்பிகளை இந்தத் துளைகளில் செருகி, முழுச் சாமானோடும் கரைக் கற்களில் இழுத்தால் துளையின் விளிம்பு கீறும். கண்ணுக்குத் தெரியாது.

கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. மூடிகளை அடைத்துவிட்டு வெளிப்புறம் முழுக்கச் சவர்க்கார நீர் பூசுங்கள். வடிகால் துளையில் வாயை வைத்து மெதுவாக ஊதுங்கள். எங்கே குமிழி எழும்புகிறதோ அங்கே ஓட்டை. டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். ஓட்டை அடைக்கப் போய்ப் படகைப் பிளந்துவிடுவீர்கள்.

ஓட்டையைக் கண்டபின் கடையில் கிடைக்கும் பசைகளை நம்பாதீர்கள். இந்த உடல் பொலித்தீன் வகைப் பிளாஸ்டிக். வள்ளத்துக்குப் பூசும் ஃபைபர் பிசினும் சூப்பர் பசையும் அதில் பிடிக்காது. இரண்டாம் நாளே தோல் உரிவது போல் உரிந்து வரும். அதே பிளாஸ்டிக்கை உருக்கிச் சூட்டால் ஒட்டுவதுதான் வழி. தண்ணீர்த் தாங்கி திருத்துகிறவர்களிடம் அந்தக் கருவி இருக்கும்.

இன்னொன்று. எல்லாவற்றையும் இறுக மூடி வெயிலில் நிறுத்தினால் உள்காற்று விரிந்து உடல் கோணும். கூரையில் ஏற்றும்போது அடைப்பானைக் கழற்றி வையுங்கள். (கழற்றியதைத் திரும்பப் போட மறப்பதும் இப்படித்தான் நடக்கிறது. நான் இப்போது அதை வாகனச் சாவியோடு கோத்து வைத்திருக்கிறேன்.)

நங்கூரம் போட்டபின் சுழல்கிறது, அல்லது சாய்கிறது

கயிற்றைக் கைக்கு எட்டுகிற பக்கவாட்டில் கட்டியிருப்பீர்கள். காற்று ஏறினால் அந்தப் பக்கம் கீழே இழுபடும். அணியத்தில் அல்லது பின்புறத்தில் மட்டும் கட்டுங்கள். ஆழத்தைப் போல் மூன்று மடங்குக்குக் குறையாத கயிறு விடுங்கள். செங்குத்தாக நிற்கும் கயிறு எதையும் பிடிக்காது.

நங்கூரம் வர மறுத்தால் பெரும்பாலும் அடியில் பழைய மரக் குற்றி. பலத்தால் இழுத்தால் கவிழ்வது நீங்கள்தான். முன்கூட்டியே கயிற்றை நங்கூரத்தின் அடிக்கொண்டையில் கட்டி, மேல் வளையத்தோடு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கட்டுப்பட்டியால் இணைத்துவையுங்கள். சிக்கினால் பட்டி அறுந்து, நங்கூரம் தலைகீழாக வெளியே வரும். பத்து ரூபாய்ப் பட்டி ஒரு நங்கூரத்தைக் காக்கும்.

பட்ட மரத்தில் கட்டுகிறவர்கள் முதலில் மேலே பார்க்கவேண்டும். முசுறுக் கூடு இருந்தால் கயாக்கில் எழுந்து ஆடவும் முடியாது.

துருசு, வான் கதவு இரண்டின் அருகேயும் நங்கூரம் வேண்டாம். நீர் திறந்துவிட்டால் அந்த இழுவை மேலே தெரியாது. கந்தளாய்க்காரரிடம் அணைக்கட்டைப் பற்றி விளையாட்டாகப் பேசவும் கூடாது. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அந்த அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அந்த இரவை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் கரையில் இருக்கிறார்கள்.

மீன் கண்ணுக்குத் தெரிகிறது, இரையைத் தொடவில்லை

இதில் நாலு வெவ்வேறு நோய்கள் ஒரே முகத்தோடு வரும்.

விடிந்த கையோடு மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றால், அது பசி அல்ல, மூச்சு முட்டல். இரவு முழுக்கப் பாசியும் நீர்த்தாவரங்களும் ஒட்சிசனை எடுத்துக்கொள்ள, விடியலுக்கு முன்தான் அது மிகக் குறையும். காற்றே இல்லாத இரவுக்குப் பின் இது அதிகம். தூண்டிலை எடுத்து வைத்துவிட்டுப் பிளாஸ்கைத் திறவுங்கள். வெயில் ஏறி, சிறு காற்றும் வந்தபின் பார்க்கலாம்.

ஆழமில்லாத மணலில் வட்ட வட்டமாகக் குழிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கறுத்த மீன் காவல். அவை கூடு கட்டிய ஆண் திலாப்பியாக்கள். பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்து அடைகாக்கும். அந்த நாட்களில் அது ஏறக்குறைய எதுவும் தின்னாது. வாய் நிறையப் பிள்ளைகளை வைத்திருப்பவளிடம் பாணை நீட்டி என்ன பயன்? சற்று ஆழமான, பாசி படர்ந்த விளிம்புக்கு நகருங்கள்.

மூன்றாவது ஆழம். மிதப்பை ஒரே இடத்தில் விட்டுவிட்டு இரையை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். இரையை விடுங்கள், மிதப்பை ஒரு முழம் ஒரு முழமாக நகர்த்துங்கள். நீரின் நிறமும் ஒரு குறிப்பு. காற்று ஒரு கரைக்குத் தொடர்ந்து வீசினால் மிதக்கும் பச்சை அந்தப் பக்கம் ஒதுங்கும், கட்லாவும் அதைத் தொடரும். அலை மோதுகிற அந்தக் கரையில் நிற்பது கயாக்கில் சுகமல்ல, ஆனால் அங்கேதான் நிற்கவேண்டியிருக்கும்.

நாலாவது சத்தம். கடலில் அலை எல்லாவற்றையும் மறைக்கும். குளத்தில் துடுப்பைப் பிளாஸ்டிக் உடலில் போட்டால் பறை அடித்தது போல் நீருக்குள் கேட்கும். உடலின் மேல் ஒரு பழைய இறப்பர் விரிப்பைப் போட்டதும் என் நிலைமை மாறியது. இரையில் நான் செய்த எந்த மாற்றமும் அந்த அளவுக்குப் பயன் தந்ததில்லை.

தொடுகிறது, மிதப்பு ஆடுகிறது, முள்ளில் ஏறவில்லை

பாரைக்கு வாங்கிய முள்ளை இன்னும் கட்டியிருக்கிறீர்கள். திலாப்பியாவின் வாய் சிறியது. 8 அல்லது 10ஆம் இலக்க முள் போதும். உருண்டை கச்சான் பருப்பளவு. முள்ளின் நுனி வெளியே தெரிந்தால் மீன் பயப்படும் என்பது நம் கற்பனை. நுனி மாவுக்குள் புதைந்திருந்தால்தான் ஏறாது.

வெட்டி இழுக்கும் பழக்கமும் ஒரு காரணம். கல்லில் நின்று இழுத்தால் முள் ஏறும். கயாக்கில் உட்கார்ந்து வெட்டினால் ஏறுவதற்குப் பதிலாகக் கயாக் மீனை நோக்கி நகரும். தளர்ச்சியைச் சுருட்டி எடுத்துவிட்டுத் தடியை மெல்ல உயர்த்துங்கள், அவ்வளவுதான். பெரிய ரோகு கொளுவினால் தடியை அணியத்துக்கு நேராக வையுங்கள். அது உங்களை இழுத்துக்கொண்டு போகட்டும். பக்கவாட்டில் குனிந்து எட்டாதீர்கள். தலை படகின் நடுக்கோட்டைத் தாண்டினால் உடலும் கூடவே போகும்.

தங்கூசி அறுகிறது, முறுக்கிக்கொள்கிறது

முடிச்சில் அறுந்தால் முடிச்சை நனைக்காமல் இறுக்கியிருக்கிறீர்கள். உராய்வுச் சூட்டில் தங்கூசி பலமிழக்கும். நடுவில் அறுந்தால் குற்றியில் உரசியிருக்கும், அல்லது வெயிலில் கிடந்து செத்த தங்கூசி. மாற்றிவிடுங்கள். திலாப்பியாவுக்கு 0.20 மில்லிமீற்றர் தாராளம்.

மீன் தங்கூசியை உருவிக்கொண்டு ஓடும்போது கைப்பிடியைச் சுற்றாதீர்கள். ஒவ்வொரு சுற்றும் ஒரு முறுக்கு. ஏறிவிட்ட முறுக்கை அவிழ்க்கக் கயாக்கைவிட நல்ல கருவி இல்லை. முள், ஈயம் எல்லாவற்றையும் கழற்றி, வெறும் தங்கூசியை நூறு மீற்றர் பின்னால் விட்டுத் துடுப்புப் போடுங்கள். நீரே பிரித்துத் தரும்.

கவிழ்ந்துவிட்டது, ஏற முடியவில்லை

உயிர்காப்பு அங்கியை இருக்கைக்குப் பின்னால் மடித்து வைத்திருந்தால் இந்தப் பகுதி உங்களுக்குப் பயன்படாது. போட்டிருந்தால்: கயாக்கை நிமிர்த்துங்கள், நடுவில் கை வையுங்கள், கால்களை நீரின் மேற்பரப்புக்குக் கொண்டுவந்து உதையுங்கள், வயிறு குறுக்கே விழும்படி ஏறுங்கள், பிறகு புரண்டு உட்காருங்கள். இறங்கியபடி தொங்கும் கால்களோடு ஏற முயன்றால் கயாக் உங்கள் மேல் கவிழும். இதை இடுப்பளவு நீரில் ஐந்து முறை செய்து பழகாமல் ஆழத்துக்குப் போகாதீர்கள். துடுப்பை ஒரு கயிற்றால் கட்டிவையுங்கள். காற்று முதலில் கொண்டுபோவது அதைத்தான்.

முதலைகள் வறண்ட வலயக் குளங்களின் பழைய குடிகள். பிடித்த மீனைக் கயிற்றில் கோத்துப் பக்கத்தில் தொங்கவிடுவது அவற்றுக்கு அழைப்பிதழ். காலையும் தொங்கவிடவேண்டாம். பின்னேரம் யானை இறங்கும் கரையில் வாகனத்தை நிறுத்தாதீர்கள்.

எல்லாம் சரி, வீட்டில் சாப்பிட மறுக்கிறார்கள்

சேற்று மணம். கடல் மீன் தின்று வளர்ந்த எங்கள் வீட்டில் குளத்து மீனுக்கு உள்ள ஒரே குற்றச்சாட்டு. இந்த மணம் சேற்றிலிருந்து வருவதில்லை. நீலப்பச்சைப் பாசி உண்டாக்கும் ஒரு பொருள் மீனின் கொழுப்பில் தங்குகிறது. மீன் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் ஐஸ் குறைந்தால் இரண்டு மணமும் சேர்ந்து எது எது என்று தெரியாமல் போகும். மீனின் எடைக்குச் சமமாக ஐஸ் கொண்டுபோங்கள். குடலையும் செவுளையும் கரையிலேயே எடுத்துவிடுங்கள். வயிற்றின் உள்ளே இருக்கும் கறுத்த சவ்வைச் சுரண்டுங்கள்.

மிச்சம் புளிப்பின் வேலை. அமிலம் அந்தப் பொருளைச் சிதைக்கும். உப்பும் தேசிக்காயும் பூசி அரை மணி நேரம் வைத்துக் கழுவிவிட்டு, பழப்புளிக்குப் பதிலாகக் கொறுக்காய் போட்டுக் காய்ச்சிப் பார்த்தோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சட்டியைத் தன் பக்கம் இழுத்து, வால் துண்டை எடுத்துக்கொண்டார்.